லிஃப்ட் நின்ற வீட்டில் பிசியோதெரபி: வாசகர் கேள்வி-பதில்

சென்ற மாதம் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) பற்றி இரண்டு பத்திதான் எழுதினேன். தபாலிலும் வட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன். நான் டொக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பத்தொரு வருடம் பிசியோவாக நின்று ஓய்வு பெற்றவள். மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்ட நாலு பேரும் தயவுசெய்து கிளினிக் கொப்பியோடு உங்கள் டொக்டரிடமே போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நடப்பார், கை கொஞ்சம்தான் அசையும். எங்கள் ஃபிளட் மூன்றாம் மாடியில். லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. இரண்டு பேர் தூக்கி இறக்கி, ஆட்டோ பிடித்து, கிளினிக் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், எனக்கும் அன்று லீவு போட வேண்டும். ஆறு கிழமையாகப் போகவே இல்லை. மூன்று மாதம் தாண்டினால் இனி ஒன்றும் திரும்பாது என்கிறார் சித்தப்பா. முதல் நாளே எழுப்பி நடத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் சொல்லிக் காட்டுகிறார். ஒரு தனியார் இடத்தில் ரோபோ மெஷின் இருக்கிறதாம். நகையை அடகு வைத்தாவது அங்கே கொண்டு போகவா? இல்லாவிட்டால் யூடியூப் பார்த்து நானே செய்யலாமா அன்ரி? (மகள், வெள்ளவத்தை)

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம் மகள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சித்தப்பா. எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம், வார்டில் அப்படித்தான் அவசரப்பட்டோம். பிறகு அதைச் சரியாகப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகள். பாதிப் பேரை 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி, இருத்தி, நடத்தினார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2015 இல் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள் அவசரப்பட்ட பக்கம் 46 சதவீதம், வழக்கமான பக்கம் 50 சதவீதம். அவசரம் உதவவில்லை, கொஞ்சம் கெடுத்தும் இருக்கிறது. அந்த முதல் நாளை நினைத்து நீங்கள் அழ வேண்டியதே இல்லை. சித்தப்பாவுக்கு இந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுங்கள்.

மூன்று மாதக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. முதல் சில கிழமைகளில் மூளை தானாகவே தேறும் வேகம் அதிகம், பிறகு அது குறையும். ஆனால் குறைவதும் நிற்பதும் ஒன்றா? அமெரிக்காவில் 222 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2006 இல் வெளிவந்தது, அதில் சேர்ந்தவர்கள் எல்லாருமே பாரிசவாதம் வந்து மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை ஆனவர்கள், அதாவது சித்தப்பா கணக்கில் முடிந்துபோனவர்கள். நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டிவிட்டு, பழுதான கையால்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று இரண்டு கிழமை, நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வரை பழக்கினார்கள். கை முன்னேறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. இதை நீங்களாக வீட்டில் செய்யத் தொடங்கிவிடாதீர்கள், மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது மேலே நிமிர வேண்டும், விழாமல் நடக்கவும் வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பிசியோ தேவை. நான் சொல்ல வருவது அந்தக் கணக்கை. ஆறு மணித்தியாலம்! நம் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம், அதுவும் கிழமைக்கு ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். அந்த இருபது நிமிடத்துக்கு வெளியே கை எத்தனை தடவை வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என்ன வேலை? பந்தைப் பிசையக் கொடுக்கிறார்கள் எல்லா வீட்டிலும். பந்தைப் பிசைந்தால் பந்து பிசைய வரும். என் வார்டில் ஒரு பென்ஷன்காரர் இருந்தார், அவருக்கு ஒரே ஒரு கவலை, சாரத்தைத் தானே கட்ட வேண்டும், மருமகள் முன்னால் கூச்சம். அதையே பயிற்சியாக்கினோம். கட்டில் சட்டத்தில் வயிற்றைச் சாய்த்து ஒரு மடிப்பை அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற மடிப்பை நல்ல கையால் கொண்டுவந்து, பழுதான கையின் பெருவிரலால் உள்ளே செருக வேண்டும். முதல் நாள் நாற்பது தடவை அவிழ்ந்து விழுந்தது. எண்ணினேன், அவர் எண்ணச் சொன்னார். மூன்றாவது கிழமை சாரம் நின்றது, கையும் ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு எது வேண்டும் என்று. சேர்ட் பொத்தானா, பேப்பர் புரட்டுவதா, பேரனுக்கு ரொஃபி பிரித்துக் கொடுப்பதா. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ. இங்கிலாந்தில் 770 பேரை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்த ஆய்வு 2019 இல் வந்தது. ஒரு பிரிவுக்குக் கைக்கான ரோபோ, ஒரு பிரிவுக்கு அதே அளவு நேரம் மனிதர்கள் கொடுத்த பயிற்சி, ஒரு பிரிவுக்கு வழக்கமானது. வழக்கமான கவனிப்பைவிட ரோபோவால் கை கூடுதலாக வேலைக்கு உதவவில்லை. மெஷின் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நகைக்கு அது ஈடில்லை.

கடைசியாக யூடியூப். இதில் எனக்கே மனம் கொஞ்சம் உடைந்தது. வீட்டாருக்குப் பழக்கிவிட்டால் அவர்களே வீட்டில் பயிற்சி கொடுக்கலாம், நம்மைப் போன்ற நாடுகளுக்கு அதுதான் வழி என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து அதைப் பரீட்சித்தார்கள். 2017 இல் முடிவு: ஆறு மாதத்தில் இறந்தோ பிறர் தயவிலோ இருந்தவர்கள், வீட்டார் பழக்கிய பக்கம் 47 சதவீதம், மற்றப் பக்கமும் 47 சதவீதம். இதை வைத்து வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தோன்றுவது, மகளை பிசியோவாக்கி அரசாங்கம் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதுதான். நீங்கள் மகளாகவே இருங்கள். அப்பா தன் கையால் செய்யும்போது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருங்கள், அதுவே பெரிய வேலை. பொத்தானை நாமே டக்கென்று போட்டுவிடத்தான் கை துடிக்கும்.

கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது, லிஃப்ட் வேலை செய்யும் நாளாகப் பார்த்து, போகும்போது அவர் வீட்டில் செய்வதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அடுத்தது என்ன என்று கேட்டு அதையும் வீடியோ எடுங்கள். பிசியோ மிஸ் முறைத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். லிஃப்டுக்கு மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டுகிறீர்கள்தானே, குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்து, இது எங்கள் அப்பாவின் மருந்து என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு பைக் விபத்து. அவனை "புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு" அனுப்புகிறோம் என்று தமிழில் எழுதிய துண்டு தந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. அவன் எந்தக் குழப்படிக்கும் போகாதவன். (தாய், மட்டக்குளி)

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். இது உடம்பைப் பழக்கும் ஆஸ்பத்திரி. ராகமவில் இருக்கும் வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலையைத்தான் எழுதியிருப்பார்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. புனர்வாழ்வு என்றால் நம் ஆட்களுக்கு 2009 க்குப் பிறகு முள்வேலியும் முகாமும்தான் ஞாபகம் வரும், கொழும்புப் பிள்ளைகளுக்கு போதைக்கு அடிமையானவர்களை அனுப்பும் கந்தக்காடு ஞாபகம் வரும். காலொடிந்த பிள்ளைக்கும் அதே சொல்லைப் போட்டு துண்டு எழுதினால் தாய் என்ன நினைப்பாள் என்று மொழிபெயர்த்தவர் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லுக்குப் பயந்தே அனுமதியைத் தட்டிக்கழித்த குடும்பங்கள் இரண்டு. மீள்பயிற்சி என்றோ, வேறு எப்படியோ எழுதலாம்.

இது யாரோ சிலருக்கு மட்டும் வேண்டிய வைத்தியமும் இல்லை. உலகத்தில் மூன்று பேரில் ஒருவருக்கு, 241 கோடிப் பேருக்கு, தங்கள் நோயிலோ காயத்திலோ ஏதோ ஒரு கட்டத்தில் இது பயன்படும் என்று 2020 இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். முதுகுவலிக்காரரும் அதில் சேர்த்தி, எலும்பு முறிந்தவரும் சேர்த்தி.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ராகமவில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியும் உண்டு, கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை. ஆட்டோக்காரர் அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஏறும்போதே சொல்லி ஏறுங்கள்.

கேள்வி: கணவருக்கு சீனி வருத்தம். புண் முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், இரண்டு மாதம் ஆகிறது. ஜெய்ப்பூர் கால் போட இந்தியாவுக்குப் போக வேண்டுமா? அவர் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காலோடு செருப்பில்லாமல் கோயிலுக்குள் போகலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: இந்தியாவுக்குப் போக வேண்டாம், கொழும்பு 2 க்குப் போனால் போதும். கொழும்பு ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி என்று ஒரு பழைய தர்ம ஸ்தாபனம், 1831 இல் தொடங்கியது, 1985 இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறது. வசதியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கு வழி உண்டு. ராகமவில் செயற்கைக் கை கால் செய்பவர்களைப் பயிற்றும் பள்ளிக்கூடமே 2004 இலிருந்து இருக்கிறது.

உங்கள் கணவரின் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி, ஏனென்றால் அந்தக் கால் பிறந்ததே அதற்காகத்தான். 1968 அளவில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியது. அதுவரை வந்த வெளிநாட்டுக் கால்கள் சப்பாத்துக்குள்தான் நிற்கும், குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. சர்மா அதிகம் படித்தவரில்லை. ஆனால் சப்பாத்தில்லாமல் நடக்கும் ஒரு மனிதனுக்குப் பாதம் எப்படி வளைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரப்பரில் செய்தார். தோல் நிறம், விரல் வடிவம் எல்லாம் இருக்கும். அந்தப் பாதம் கருங்கல் தரையில் வெறுமையாகத் தாராளமாகப் போகும்.

போகக்கூடாதது மற்றக் கால்! அதை மறந்துவிடாதீர்கள். சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், கல் சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. முதல் காலை எடுத்த அதே காரணம் இரண்டாவது காலிலும் காத்துக்கொண்டு இருக்கிறது. உச்சி வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு சுற்றவே வேண்டாம். விடியற்காலைப் பூசைக்குப் போகட்டும், தடித்த காலுறை போட்டுக்கொள்ளட்டும், ஐயரிடம் சொன்னால் மறுக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்கள் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.

கால் போடுவதற்கு முன் உள்ள இந்த நாட்கள் முக்கியம். வெட்டிய காலின் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறீர்களா? பாவம் நோகும் என்று எல்லா மனைவிமாரும் வைப்பார்கள். எடுத்துவிடுங்கள். முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல செயற்கைக் காலும் பொருந்தாது. புண் முழுதாக ஆறிய பிறகுதான் அளவெடுப்பார்கள். பண்டேஜை எட்டு வடிவில் சுற்றச் சொல்லித் தருவார்கள், சும்மா வளையமாகச் சுற்றினால் நுனி வீங்கும்.

இன்னொன்று. நான் வீடுகளுக்குப் போய்ப் பார்த்த செயற்கைக் கால்களில் நிறைய அலுமாரிக்குப் பின்னால் தூசி பிடித்து நின்றன. கேட்டால், போட்டேன் மிஸ், உரசிப் புண் வந்தது, விட்டுவிட்டேன் என்பார்கள். கால் பழுதில்லை. வெட்டிய பகுதி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும், அப்போது அதைச் செருகும் செயற்கைக் காலின் குழி பெரிதாகி ஆடும், ஆடினால் உரசும். மேலதிகமாக ஒரு காலுறை போட்டுப் பார்க்க வேண்டும், அதிலும் சரிவராவிட்டால் செய்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சரி செய்ய வேண்டும். இதை ஒருவரும் முதல் நாளே சொல்வதில்லை. அனுராதபுரத்திலிருந்து ஒருவர் வந்து கால் போட்டுப் போவார், திரும்பி வர பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லை, அவ்வளவுதான், கால் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். நீங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறீர்கள். பத்து தடவையும் போகலாம்.

கேள்வி: பாரிசவாதக் கைக்கு எண்ணெய் தடவி உருவிவிடலாமா? (ஐந்து பேர் கேட்டது)

பதில்: தடவலாம், சுகமாக இருக்கும், தோலுக்கும் நல்லது. கையைப் பிடித்து இழுத்து உருவ வேண்டாம், தளர்ந்த தோள்மூட்டு கழன்று பெரிய நோவாகிவிடும். கட்டிலில் இருந்து எழுப்பும்போதும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். எண்ணெய் தடவினால் நரம்பு திரும்பும் என்று யாராவது போத்தல் விற்றால் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: தம்பிக்கு 26 வயது. கட்டட வேலையில் மேலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. எட்டு மாதம். வேலூருக்குக் கொண்டு போனால் நடப்பான் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி என்றும் ஒருவர் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பத் தயார். (அக்கா, தெஹிவளை)

பதில்: பெரிய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் தமிழ்நாட்டு வேலூர், நம் ஆட்களுக்கு ஒரு ஊர் மட்டுமில்லை, கடைசி நீதிமன்றம் மாதிரி. இங்கே ஒரு டொக்டர் சொன்னது பிடிக்காவிட்டால் அங்கே மேன்முறையீடு.

பிள்ளை, நேராகவே சொல்கிறேன். எட்டு மாதமாகியும் அசைவும் உணர்ச்சியும் ஒன்றுமே திரும்பவில்லை என்றால் தம்பி பழையபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எந்த ஊருக்குப் போனாலும். ஸ்டெம் செல் ஊசி முள்ளந்தண்டுக் காயத்தைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை, பரிசோதனை நிலையில் இருப்பதைக் காசுக்கு விற்கிறார்கள். உண்மையான பரிசோதனை என்றால் அதில் சேர உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், இந்த ஒரு அடையாளத்தை நினைவில் வையுங்கள். அண்ணாவின் காசு அதற்கு வேண்டாம்.

ஆனால் வேலூரைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். மேரி வர்கீஸ் என்று அங்கே ஒரு இளம் டொக்டர். 1954 இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு, உங்கள் தம்பியைப் போலவே இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் படித்துவிட்டு வந்து, 1966 இல் நோயாளிகளைத் தங்கவைத்துப் பழக்கும் நிலையத்தை அங்கே தொடங்கினார், இந்தியாவில் அதுதான் முதலாவது. அந்த இடத்தைத் தொடங்கியவர் கடைசிவரை நடக்கவில்லை. சொந்தக்காரர் நடக்க வைக்கச் சொல்லி அனுப்புவது அவருடைய ஊருக்குத்தான்.

அதற்கும் முன்னால், 1944 இல், இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற டொக்டர். அவர் காலத்துக்கு முன் இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் செத்துப்போவார்கள். முள்ளந்தண்டு அவர்களைக் கொல்லவில்லை, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றன. குட்மன் இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டச் சொன்னார். பெரிய கண்டுபிடிப்பு அதுதான், புரட்டுவது! இன்றைக்கும் அதுதான்.

ஆகவே தம்பிக்கு எட்டு மாதத்தில் இவற்றை யாராவது பழக்கினார்களா என்று பாருங்கள். கதிரையில் இருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாரத்தை மாற்றுகிறானா? சரியான குஷன் இருக்கிறதா, இல்லை மடித்த போர்வையா? ஒவ்வொரு இரவும் பின்பக்கத்தை ஃபோன் கமராவில் பார்க்கிறானா? பட்டாணி அளவு சிவப்பு ஒரே கிழமையில் குழியாகும், குழி ஆறு மாதம் கட்டிலில் போடும். சிறுநீருக்கு எப்போதும் குழாய் போட்டபடி இருக்கிறதா? 1972 இலிருந்தே, தானே சுத்தமான குழாயை நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போட்டு எடுக்கும் முறை இருக்கிறது, பலருக்கு அதுதான் பாதுகாப்பு. கதிரையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து டொய்லட்டுக்கு ஒருவர் துணையில்லாமல் மாறுவானா? இவை பழகியிருக்காவிட்டால் முதலில் ராகமவில் கேளுங்கள், காசு போகாது. அங்கே நீண்ட வரிசை என்றால், மொழி சிக்கல் என்றால், வேலூருக்கும் போகலாம், தமிழில் பேசிப் பழகலாம், அது சும்மா இல்லை. நடக்கப் போவதாக தம்பிக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வரும் விமானத்தில் அவன் மனநிலையை யோசியுங்கள்.

மீதிக் காசில் வீட்டு டொய்லட் கதவை அகலமாக்குங்கள்.

கேள்வி: மூன்று வயது மகன் இரண்டு மூன்று சொல்தான் பேசுகிறான். கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி சிங்களத்தில்தான். வீட்டில் தமிழை விட்டு ஒரே மொழியில், இங்கிலீஷில், பேசச் சொல்கிறார் எங்கள் நேர்சரி ரீச்சர். (தகப்பன், வத்தளை)

பதில்: தமிழை விடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்தாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளையும் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இரண்டு மொழியால் கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. நீங்களும் மனைவியும் எந்த மொழியில் கொஞ்சுவீர்கள், ஏசுவீர்கள், அந்த மொழியில் பேசுங்கள். அம்மம்மாவோடு பேசாமல் இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளர்ந்தால் பேச்சு நேரம்தான் குறையும்.

முதல் வேலை, காது. இன்னும் கேள்திறன் பரிசோதனை செய்யவில்லை என்றால் இந்தக் கிழமையே கேளுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிட வேண்டாம், சில சத்தம் கேட்கும் சில சத்தம் கேட்காது.

தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் குறைவு, அது உண்மையான குறை, உங்கள் பிழையில்லை. சிங்களத்தில் தந்தாலும் போங்கள், ஆனால் அங்கே பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள், உள்ளே இருந்து மிஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பொம்மையை மறைத்துப் பிள்ளை கேட்கும்வரை காத்திருப்பார், அவன் சொன்ன ஒரு சொல்லை இரண்டாக்கித் திருப்பிச் சொல்வார். "பால்" என்றால் "பால் வேணும்". இதற்கு மொழி தடையில்லை, வீட்டில் தமிழில் செய்யலாம்.

கேள்வி: அண்ணாவுக்கு ஒரு கால் போலியோ. கம்பஸ் பிள்ளைகள் ஆராய்ச்சி என்று வந்து, "கண்ணாடி போட்டாலும் பார்ப்பதற்குச் சிரமமா", "படியேறச் சிரமமா" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது தடவை. இதனால் அவருக்கு என்ன கிடைத்தது? (பம்பலப்பிட்டி)

பதில்: அவருக்கா? இதுவரை மூன்று தடவை தேத்தண்ணீர் ஊற்றிய செலவு.

அந்தக் கேள்விகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். "இந்த வீட்டில் அங்கவீனர் உண்டா?" என்று கேட்டால் பாதி வீட்டில் இல்லை என்பார்கள். வெட்கம், கலியாணப் பேச்சு, அல்லது எங்கள் அப்பாவுக்கு வயதுதானே, அது அங்கவீனமா என்ற நினைப்பு. அதனால் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன் வேலையைத் தான் செய்வது, பிறரோடு பேசிப் புரிவது என்று ஆறு கேள்வியாக உடைத்து, எவ்வளவு சிரமம் என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டில் இப்படிச் சிரமத்தைக் கேட்டபோதுதான் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம், 16 இலட்சம் பேர் என்று வந்தது. அந்த எண் இல்லாவிட்டால் பட்ஜெட்டில் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாருக்கும் கதவைத் திறக்க வேண்டுமா? வேண்டாம். ஒழுக்கவியல் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே, தமிழில் விளக்கத் தாள் எங்கே, நடுவில் நிறுத்தலாமா, முடிவை எங்களுக்கு வந்து சொல்வீர்களா என்று அண்ணா கேட்கட்டும். மறுத்தால் கிளினிக்கில் எந்தப் பாதிப்பும் வரக்கூடாது, அது அவர் உரிமை. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ பேருக்கு நோயாளிகளைக் காட்டிக் கொடுத்தேன், திரும்பி வந்து இதுதான் கண்டோம் என்று நோயாளியிடம் சொன்னவர் ஒரே ஒரு பெண். இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கேள்விகளை எழுதியபோது ஊன்றுகோல் பிடித்த ஒருவராவது உங்கள் மேசையில் இருந்தாரா என்று.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். என் கணக்கு இருக்கும் வங்கிக்கு மூன்று படி. காவலாளி வெளியே வந்து படிவத்தைத் தருவார், நான் ரோட்டில் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா? மாதக் கொடுப்பனவுக்கு யாரிடம் போக வேண்டும்? (கிராண்ட்பாஸ்)

பதில்: சட்டத்துக்குக் குறைவே இல்லை தம்பி. அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், 2006 இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள், 2016 இல் அங்கவீனர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. இவற்றைவிட முக்கியம் 2011 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு, பொதுமக்கள் வந்துபோகும் புதிய கட்டடங்களில் எல்லாரும் உள்ளே போகும் வசதி இருக்க வேண்டும் என்று. அந்த வழக்கைப் போட்டவர் அஜித் பெரேரா, கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992 இல் அவர் போன கார் மேல் மரம் விழுந்து நடக்க முடியாமல் போனார். 2020 இல் காலமாகும்வரை சாய்தளம், டொய்லட் கதவு, கைப்பிடி என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

வங்கி முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், 2006 ஒழுங்குவிதியையும் 2011 உத்தரவையும் பெயர் சொல்லி, நீங்கள் ரோட்டில் கையெழுத்துப் போடும் படத்தையும் வைத்து. ஒரு பிரதி வங்கித் தலைமையகத்துக்கு, ஒரு பிரதி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. பதிவுத் தபாலில்.

கொடுப்பனவுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் மருத்துவ அறிக்கையும் கொண்டு போக வேண்டும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உபகரணங்களுக்கும் அங்கேயே விண்ணப்பம் உண்டு. அந்த அலுவலகம் மேல் மாடியில் இருந்தால் கீழே நின்று ஃபோன் எடுங்கள், உத்தியோகத்தர் இறங்கி வரட்டும்.

சாய்தளம் போட்டால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மூட்டை இறக்கும் பலகை மாதிரி ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டுப் படம் எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வங்கியில் அளவாக, கைப்பிடியோடு, நல்ல சாய்தளம் போட்டார்கள். அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் நாலு பூச்சாடி வைத்தார்கள். இரண்டு தடவை உள்ளே போய்ச் சொன்னேன். போன கிழமை பார்த்தபோது இரண்டு சாடி எடுபட்டிருந்தது.